எவருக்குக் கடினம், எதனால் கடினம்?

(உத்திரமேரூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உத்திரமேரூரில் மேடை ஏறுகிறவர் எந்தத் தலைப்பில் பேச வந்தாலும், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைத் தொடாமல் இறங்குவதில்லை. நானும் தொட்டுவிடுகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன; ஒன்று கி.பி. 919, மற்றது 921. முப்பது குடும்புகள், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதிகளை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். மொழி கற்பித்துப் பிழைத்தவனாகிய எனக்குக் கண் போகும் இடம் வேறு. ஒருவர் பெயரை எழுதிக் குடத்தில் இட வேண்டுமானால் அவர் சமஸ்கிருத வேதப் பகுதிகளான மந்திர பிராமணம் கற்றவராக இருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் எடுத்துரைக்க வல்லவரானால் அரைக்கால் வேலி நிலம் இருந்தாலே போதும். வீட்டிலும் களத்துமேட்டிலும் பேசாத ஒரு மொழியை வருந்திக் கற்றவருக்கு இந்த ஊர்ச் சபை நிலத்தில் பாதிக்குப் பாதி சலுகை கொடுத்திருக்கிறது. அதைக் கற்க வழியில்லாதவரின் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. ஒரு மொழி எளிதா கடினமா என்ற கேள்வி நிலத்தோடும் பதவியோடும் கட்டிய கேள்வியாகவே இந்த ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது. இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

‘உலகத்திலேயே கஷ்டமான மொழி எது சார்?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். தமிழ் என்று நான் சொல்ல வேண்டும் என்ற ஆசை அவர்கள் முகத்தில் தெரியும். நம் மொழி பிறருக்கு எட்டாதது என்பதில் நமக்கு ஏனோ ஒரு பெருமை. அந்தப் பெருமை நமக்கு எவ்வளவு நட்டம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு எண்களில் பதில் வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய வெளியுறவுத் துறை, தூதரகங்களுக்குப் போகிற அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்ற மொழிகளை அலுவலுக்குப் போதுமான அளவு கற்க ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும். தமிழ், இந்தி, ரஷ்யன் எல்லாம் 44 வாரம், 1,100 மணி நேரம். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் நான்கும் 88 வாரம், 2,200 மணி நேரம். நல்ல ஆசிரியர்கள், சிறிய வகுப்புகள், சம்பளத்தோடு படிக்கிற மாணவர்கள் என்ற வசதிகளோடு பல ஆண்டுகள் நடத்திப் பார்த்துக் கண்ட கணக்கு இது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் பலர் இதை மொழிகளின் தரவரிசையாகப் படித்துவிடுகிறார்கள். அது வாஷிங்டனில் பூஜ்யத்தை ஊன்றிவைத்த அளவுகோல். ஆங்கிலம் பேசி வளர்ந்தவரிடமிருந்து ஒவ்வொரு மொழியும் எத்தனை தொலைவு என்று மட்டும் அது சொல்லும். பூஜ்யத்தைப் பிடுங்கி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஊன்றினால் பட்டியல் தலைகீழாகப் புரளும்.

எப்படிப் புரளும் என்று பார்ப்போம். தெலுங்கும் கன்னடமும் நமக்குப் பக்கத்து வீடு. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கு, தறிக்கு வெளியே தமிழ் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மொழி கற்றோம் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. இதில் வியப்பு இல்லை. வியப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். அங்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதையொட்டி உதிரிபாகம் செய்கிற கொரிய நிறுவனங்கள் வந்தன, கொரியர்களும் வந்தார்கள். அமெரிக்கருக்கு 2,200 மணி நேரம் ஆகிற அந்தக் கொரிய மொழியில் ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள். ‘ஒஜே, ஒம்மாகா சா ஓன் சேகுல், நானுன் இல்கொத்தா.’ தமிழில் சொன்னால், ‘நேற்று, அம்மா வாங்கி வந்த புத்தகத்தை, நான் படித்தேன்.’ ‘ஒஜே’ நேற்று. ‘ஒம்மா’ என்பதற்கு விளக்கம் வேண்டாம். ‘சா ஓன்’ வாங்கி வந்த. இரண்டு வினைகளை நாம் கோக்கிற மாதிரியே கோத்திருக்கிறது. ‘சேக்’ புத்தகம், அதன் வாலில் ‘உல்’ நம்முடைய ஐ உருபு. கடைசியில் வினை. ஒரு சொல் இடம் மாறவில்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்லப் போனால் வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்குப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். ஆங்கிலேயர் கொரியனிடம் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இந்தப் பிரித்துக் கட்டும் வேலைதான். அந்த வேலை நமக்கு இல்லை.

இந்த ஒற்றுமையைக் கண்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணம் எழுதினார். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் உலகில் எத்தனையோ மொழிகளில் உண்டு; அது ரத்த உறவுக்குச் சான்றாகாது. ‘அம்மா, அப்பா கொரியனிலும் இருக்கிறது, ஆகவே கொரியர் தமிழரே’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். கற்கிறவருக்கு உறவு தேவையில்லை, ஒற்றுமை போதும்.

எழுத்தும் தடையில்லை. சேஜோங் அரசர் 1446இல் மக்களுக்காக அறிவித்த கொரிய எழுத்தில் இன்று வழங்கும் அடிப்படை வடிவங்கள் 24தான். கொரியனில் நம்மவருக்கு இடறுகிற இடம், ஒரு ககரத்துக்கு மூன்று ககரம் வைத்திருப்பதும், எதிரே நிற்பவரின் வயதையும் பதவியையும் பார்த்து வினைமுடிவை மாற்றுவதும். நமக்கு ‘வா’, ‘வாங்க’ இரண்டோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் அதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். ஜப்பானியத்தில் வாக்கியம் நம் வீடு, எழுத்து காடு. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வரையறுத்த சீன எழுத்துகளே 2,136. சீனத்தில் வினைத்திரிபே கிடையாது, ஆனால் குரல் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். எல்லா வகையிலும் எளிதான மொழி என்றோ எல்லா வகையிலும் கடினமான மொழி என்றோ ஒன்றை நான் கண்டதில்லை.

ஒலிக்கு வருகிறேன். 1984இல் ஜேனட் வெர்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கு இந்தியிலுள்ள தகர, டகர ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் திறமை போய்விட்டிருந்தது. வீட்டில் தேவைப்படாத வேறுபாட்டைக் காது கழித்துவிடுகிறது, அதுவும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே. வெள்ளைக்காரர் ‘பாட்டு’ என்பதையும் ‘பாத்து’ என்பதையும் ஒன்றாகக் கேட்பது அசட்டையால் அல்ல. நாம் இந்தியின் நான்கு ககரங்களையும் ஒரே ககரமாகக் கேட்பதும் அப்படித்தான்.

வடக்கிலிருந்து வருகிறவருக்குத் தமிழில் என்ன கஷ்டம் என்று கேட்டால் உடனே ‘ழ’ என்போம். ழகரத்தைப் பற்றி நாம் அடிக்கிற தம்பட்டம் கொஞ்சமல்ல. தெற்கே போனால் அது ளகரம். நம் பக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் ‘வாயப்பயம்’ என்றுதான் கூவுகிறார். உள்ளூர்க்காரருக்கே விலக்கு அளித்த ஒலிக்காக வெளியூர்க்காரரைப் பரீட்சை வைப்பது நியாயமில்லை. அவருக்கு உண்மையில் சிக்கல் எகர ஏகாரம், ஒகர ஓகாரம். இந்தியில் அந்தக் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. நமக்கு ‘கெட்டான்’ வேறு, ‘கேட்டான்’ வேறு.

இன்னொரு சிக்கல், ‘இல்லை’ என்று மறுத்துச் சொல்வது. இந்தியில் பெரும்பாலும் ‘நஹீ’ ஒன்றை வைத்துக் காலம் தள்ளிவிடலாம். தமிழில் வரவில்லை, வரமாட்டேன், வராது, வரக்கூடாது, வர வேண்டாம், வர முடியாது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருள். ‘நாளைக்கு வேலைக்கு வரல’ என்பதும் ‘வரமாட்டேன்’ என்பதும் மேஸ்திரியின் காதில் எவ்வளவு வேறுபடும் என்று நினைத்துப் பாருங்கள். முன்னதற்குக் காரணம் கேட்பார், பின்னதற்குக் கணக்கை முடித்துவிடுவார். அடுத்து இறந்தகாலம். செய்தான், ஆடினான், நின்றான், உண்டான், படித்தான், கேட்டான். எந்த வினைக்கு எது என்று நமக்குச் சொல்லித்தந்தவர் இல்லை, தாயிடம் கேட்டு வந்தது. கற்பவர் ஒவ்வொரு வினையோடும் மல்லுக்கட்ட வேண்டும். தமிழ் கற்பதில் மெய்யாகவே சுமையான பகுதி இதுதான் என்பது என் கருத்து. 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோமே, அது சுமையே அல்ல. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், சில குறியீடுகள், அவ்வளவுதான். 1978இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னா, லை, ளை எல்லாம் ஒழுங்காகிவிட்டன. பெருக்கல் வாய்ப்பாட்டை ஏன் மொழியின் நுழைவாயிலில் மாட்டி வைக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

நேர்மையாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ என்பதில் ஆங்கிலேயர் தடுமாறுவார். அவர் மொழியில் ‘நான்’ இருக்க வேண்டிய இடம் அது. இந்திக்காரருக்கு அது சொந்தப் பழக்கம், ‘முஜே’ என்று அவரும் நான்காம் வேற்றுமைபோலத்தான் தொடங்குவார். நமக்கு இந்தியில் கழுத்தைப் பிடிப்பது பால் வேறுபாடு. ராமன் ரொட்டி தின்றாலும் சீதை தின்றாலும் வினை ‘காயீ’ என்று பெண்பாலில் முடியும், ரொட்டி பெண்பால் என்பதால். மாம்பழம் தின்றால் ‘காயா’. தின்றவரை விட்டுத் தின்னப்பட்டதைப் பார்க்கிறது வினை! மேசை, நாற்காலிக்கு ஆண் பெண் பார்க்காமல் உயர்திணை, அஃறிணை என்று அறிவாகப் பிரித்த மொழியிலிருந்து போகிறவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். வங்காளியும் ஒடியாவும் அந்தத் தொல்லையை விட்டுவிட்ட மொழிகள். நம் காதுக்கு அவை இந்தியைவிட இணக்கமானவை.

இதுவரை சொன்னவை மொழிக்குள் இருக்கிற கடினங்கள். யாரும் உண்டாக்கியதல்ல, யாரையும் குறை சொல்ல முடியாது. நாமே உண்டாக்கி வைத்த கடினம் ஒன்று இருக்கிறது; முதலில் சொன்ன பெருமையின் நட்டம் அங்கேதான்.

சாலவாக்கம் பக்கத்துக் கிரஷர் ஒன்றில் வேலை செய்யும் ஒடியா இளைஞர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. லாரி ஏன் நிற்கிறது என்று கேட்டதற்கு, ‘டிரைவர் இன்னும் வர்லியாம்’ என்றார். அந்த ‘ஆம்’ இருக்கிறதே, தான் கண்டதல்ல, பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டுகிற அந்த ஒற்றை விகுதி, பாடநூல்களில் கடைசி அத்தியாயங்களில் வரும். அவர் அதை ஜல்லிக் குவியலுக்கு நடுவே எடுத்துக்கொண்டுவிட்டார். இன்னொருவரைத் தெரியும். வடமாநிலத்திலிருந்து அலுவல் காரணமாக வந்தவர், நல்ல படிப்பாளி, தமிழைப் புத்தகத்தில் முறையாகக் கற்றவர். ஆட்டோக்காரரிடம் ‘நான் பேருந்து நிலையத்திற்குச் செல்ல விரும்புகிறேன்’ என்றார். ஆட்டோக்காரர் மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மூன்று முறை அப்படி நடந்ததும் மனிதர் தமிழை மூட்டைகட்டி வைத்துவிட்டார்.

எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று இரண்டு தமிழ் நமக்கு உண்டு. சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் இத்தகைய நிலைமையை அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் ஆகியவற்றை வைத்து விளக்கினார். கற்பவருக்கு இது ஒரு விலையில் இரண்டு மொழி வாங்குவது அல்ல. இரட்டை விலை கொடுத்து ஒன்று வாங்குவது. அதிலும் பேச்சுத் தமிழுக்கு ஊருக்கு ஒரு முகம். ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பது மதுரையில் ‘வந்துக்கிட்டிருக்கான்’. நம் பக்கத்தில் ‘வந்துனு இருக்கான்’. முப்பது நாளில் தமிழ் என்று விற்கிற புத்தகங்கள் இவற்றில் எதையும் சொல்வதில்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணம் என்று பிரித்து லத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1728இல் எழுதி முடித்தது. 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தேம்பாவணி பாடிய கவிஞருக்கு மக்கள் பேச்சுக்கு விதி எழுதுவது கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. நம் பண்டிதர்கள் அதைச் செய்யவில்லை. பின்னால் ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் பேச்சுத் தமிழுக்கு விரிவான இலக்கணம் வெளியிட்டார், அவரும் வெளியார்தான், அமெரிக்கர். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கிரஷரில் வேலை செய்பவருக்கு எட்டாது.

நமக்கு இந்த அறிவு இல்லாமல் இருந்ததில்லை என்பதுதான் வருத்தம். இங்கிருந்து அதிக தூரமில்லாத திருமுக்கூடலுக்குப் போயிருப்பீர்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்குள்ள வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்காகப் புகழ்பெற்றது. அதே கல்வெட்டில் வேதத்தோடு வியாகரணமும் ரூபாவதாரமும் கற்பித்த கல்விச்சாலையும் வருகிறது. ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் இருந்த கல்லூரியில் இளநிலை மாணவர் 270 பேரில் 40 பேருக்கு ரூபாவதாரம்தான் பாடம். ரூபாவதாரம் என்பது என்ன? பாணினியின் சமஸ்கிருத இலக்கணச் சூத்திரங்கள் ஏறத்தாழ 4,000, சுருக்கத்துக்காக அடுக்கப்பட்டவை. ஒரு சொல்லை உருவாக்கவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல அத்தியாயங்களைப் புரட்ட வேண்டும். தர்மகீர்த்தி என்பவர் அவற்றைப் பிரித்து, கற்பவருக்கு எது முதலில் தேவையோ அந்த வரிசையில் பொருள்வாரியாக மாற்றி அடுக்கினார். மொழி மாறவில்லை, விதி மாறவில்லை, அடுக்கு மாறியது. சோழ நாட்டில் அதற்கு நிலம் விட்டு, நெல் அளந்து, ஆசிரியர் அமர்த்தினார்கள். சமஸ்கிருதத்துக்குச் செய்ததைத் தமிழுக்கு, அதுவும் தமிழ் பேச வருகிற ஏழை எளியவருக்கு, நாம் ஏன் செய்யவில்லை?

வெளியூர்க்காரரை விடுங்கள். நம் குழந்தை ‘அப்பா வந்துனு இருக்காரு’ என்று பேசிக்கொண்டே முதல் வகுப்புக்குள் நுழைகிறது. அங்கே அது கொச்சை என்று சொல்லி வாயை அடைக்கிறோம். அந்த நிமிடத்திலிருந்து தமிழே அதற்கு இரண்டாம் மொழி. கூடவே, சொல்வதொன்றும் எழுதுவதொன்றுமான ஆங்கிலம். ஸ்கூல், ஸ்டேஷன் என்று மெய்யில் தொடங்குவது நம் நாக்குக்கு வராது, முன்னால் ஒரு இகரம் போட்டால்தான் நகரும். அதையெல்லாம் தாண்டிவிடலாம், தாண்ட முடியாதது, பத்தாண்டுப் படிப்பில் அந்தக் குழந்தையிடம் யாரும் ஆங்கிலத்தில் ஒரு சேதி கேட்டதில்லை என்பது. ஒடியா இளைஞருக்கு லாரி டிரைவர் இருந்தார். நம் பிள்ளைக்கு வினாத்தாள் மட்டுமே இருக்கிறது.

ஆகவே இந்த அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவாளருக்குச் செலவிடும் தொகையை ஒருமுறை வேறு வழியில் திருப்புங்கள். இந்த வட்டாரத்தில் வாய்வழி வழங்கும் தமிழில் ஒரு சிறு பாடநூல் செய்யுங்கள். இந்தி, ஒடியா, வங்காளி எழுத்தில் உச்சரிப்பும் பொருளும் இருக்கட்டும். கூலி பேசுவது, மருந்து கேட்பது, வாடகை தீர்ப்பது, ‘வரல’ வேறு ‘வரமாட்டேன்’ வேறு என்று தெரிந்துகொள்வது, இந்த வரிசையில் இருக்கட்டும். குரல்களை இங்குள்ள பள்ளி மாணவர்களே செல்போனில் பதிவு செய்யலாம். தங்கள் வீட்டுத் தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று அவர்களுக்கும் தெரியவரும். கிரஷர், ரைஸ்மில் முதலாளிகள் இதற்கு வாரத்தில் அரைமணி நேரம் சம்பளத்தோடு ஒதுக்கட்டும். ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம், முதல் வகுப்புக் குழந்தையின் வீட்டுப் பேச்சைத் திருத்தாமல் ஒரு பருவம் கேளுங்கள். புத்தகத் தமிழைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், மேலே வைத்து அழுத்தாதீர்கள்.

பணம் செலவில்லாத ஒன்றும் இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யலாம். வெளியூர்க்காரர் ஒருவர் உங்கள் கடைக்கு வந்து தப்பும் தவறுமாகத் தமிழில் கேட்டால், சிரிக்காதீர்கள். இந்திக்கோ இங்கிலீஷுக்கோ மாறவும் வேண்டாம். தமிழிலேயே, கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.